நம்பர் இல்லாத மீன்

லைடன் நகரின் நடுவே, கால்வாய்க் கரைத் தெரு ஒன்றில், ஒரு பலகையைப் பார்த்து நம்மவர் நின்றுவிட்டார். சிவப்புப் பலகை, தங்க எழுத்து, ஓரத்தில் வால் சுருண்ட டிராகன். எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘சீன். இந்த். ஸ்பெஸ். ரெஸ்ட்.’ நான்கு சொல், நான்கும் அரைச்சொல். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி எழுதிய பலகை போலிருந்தது.

முதல் சொல் சீனா என்பது புரிந்தது. கடைசி இரண்டும் ஸ்பெஷல், ரெஸ்டாரண்ட். நடுவில் நின்ற ‘இந்த்’தான் அவரை உருக்கிவிட்டது.

“பாரும்மா, சீனாக்காரனும் நாமளும் ஒரே போர்டுல! லடாக்குல முடியாததை அடுப்பங்கரையில முடிச்சிருக்கான்.”

மகள் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்: “அது நாம இல்லப்பா. இந்தோனேசியா.”

நம்மவர் நாகப்பட்டினத்துக்காரர். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டச்சுக்காரர்களைப் பற்றிப் பாடம் நடத்தியவரை ஒரு பலகை ஏமாற்றியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். டச்சு மொழியில் இந்தியாவுக்கு இரண்டு அடைமொழி உண்டு. ‘இந்தியாஸ்’ என்றால் நம் நாட்டுச் சமாசாரம். ‘இந்திஷ்’ என்றால் ஒரு காலத்தில் அவர்கள் கையில் இருந்த கிழக்கிந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா. பலகையில் இருந்தது இரண்டாவது. தோசை, இட்லி, குறைந்தபட்சம் ஒரு கோபி மஞ்சூரியன் என்று அவர் மனசுக்குள் போட்டுவைத்திருந்த பட்டியல் வாசலிலேயே தள்ளுபடியானது.

அவர் லைடனுக்கு வந்ததே வேறு காரியத்துக்கு. சில ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. மகள் அங்கே வேலையில் இருந்தாள். அப்பா அவளைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் பார்க்க ஆசைப்பட்டது ஆனைமங்கலம் செப்பேடுகளை. சோழர் காலத்துச் சாசனம். இருபத்தொரு தகடு, ஏறக்குறைய முப்பது கிலோ. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்கிற ஊரின் வருமானத்தை எழுதிக்கொடுத்த கதை அதில் இருக்கிறது. தகடுகள் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் உலகம் அவற்றை ‘லைடன் செப்பேடுகள்’ என்றே அழைக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைக்கு அடுத்த ஊர்க்காரர் பெயர் வைத்த மாதிரி. பார்க்க நாள் குறித்திருந்தது அடுத்த வாரம். நடுவில் வயிறு இருக்கிறதே!

வயிறு மூன்று நாளாகவே முனகிக்கொண்டிருந்தது. டச்சுக்காரர் மத்தியானச் சாப்பாடு என்பது இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் ஒரு துண்டு சீஸ். சூடு என்கிற பேச்சே கிடையாது. லைடன்காரர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 3ஆம் தேதி ஊர்த் திருவிழாவில் சாப்பிடுவது ஹுட்ஸ்பாட்: கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றையும் வேகவைத்து மசித்தது. 1574இல் ஸ்பானியப் படையின் முற்றுகை விலகிய நாளின் நினைவு. பட்டினி கிடந்து மீண்ட ஊர் அந்த நினைவைச் சாப்பாட்டிலும் காப்பாற்றி வருவதாக நம்மவருக்குப் பட்டது.

ஆகவே சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஊரில் யாரும் ராச்சாப்பாட்டை நினைக்காத நேரத்தில், அப்பாவும் மகளும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சில கடைகளுக்குள் நுழையும்போது தப்பான நேரத்தில் வந்துவிட்டோம் என்று மூக்கே சொல்லிவிடும். கடைக்குள் வாடிக்கையாளர் ஒருவருமில்லை. சமையலறைக் கதவையொட்டி ஒரு வட்ட மேசை. அதைச் சுற்றி மொத்தக் குடும்பம்: பாட்டி, கல்லாவில் உட்காரும் அம்மா, வெள்ளைக் கோட்டுப் பித்தான் கழற்றிய அப்பா, கல்லூரிப் பெண் ஒருத்தி, வீட்டுப்பாட நோட்டோடு ஒரு பையன். நடுவில் நீளத் தட்டில் ஒரு முழு மீன். ஆவியில் வெந்தது. தலை, வால் எல்லாம் அப்படியே. மேலே நூல் நூலாக நறுக்கிய இஞ்சி, வெங்காயத்தாள். காய்ந்த எண்ணெயை அப்போதுதான் ஊற்றியிருப்பார்கள் போல, சொய்யென்ற சத்தம் அடங்கவில்லை. இஞ்சியும் சோயாவும் கலந்த வாசனை நாகப்பட்டினத்துக்காரர் மூக்கில் நேராக வந்து மோதியது.

ஐந்து பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அம்மா எழுந்தாள். இரண்டே நொடியில் முகத்தில் கடைச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து ஆளுக்கொரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தாள். மெனு.

நம்மவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அடுத்தவங்க தட்டைப் பாக்காதீங்க.”

“தட்டை எங்கம்மா பாத்தேன்? மீனைத்தான் பாத்தேன்.”

கடைக்குள் வேறு பார்க்கவும் நிறைய இருந்தது. வாசலில் இரண்டு கல் சிங்கம். உத்தரத்தில் செதுக்கு வேலை, சிவப்பு லாந்தர், குஞ்சம். ஒரு மீன்தொட்டி, அதில் நாலு தங்கமீன், அவற்றுக்குச் சாப்பிடப்படும் பயம் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, அதன்மேல் பழைய டொனால்டு டக் இதழ்கள் ஒரு கட்டு. நெதர்லாந்தில் 1952 முதல் வாரா வாரம் வருகிற பத்திரிகை அது, பல்வைத்தியர் வீட்டிலும் கிடக்கும், இங்கும் கிடக்கும். பெஞ்சு பார்சல் வாங்க வருகிறவர்களுக்கு.

பார்சல் என்றால் சாதாரணம் இல்லை. டச்சுக்காரர் பேச்சில் ‘சீன ஹோட்டலுக்குப் போவோம்’ என்பதே கிடையாது. ‘சீனரிடம் போவோம்’, ‘சீனரை வாங்கி வருவோம்’ என்பார்கள். நாம் நாயர் கடை, பாய் கடை என்று ஆளையே கடையாக்கியதுபோல. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன் வீட்டிலிருந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். ஹோட்டல் சாம்பாருக்குத் தூக்குவாளியோடு போன நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்திரம் நிறைய நிரப்பித் தருவது வழக்கம் என்று தெரிந்ததும் வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரம் எதுவோ அதுதான் போயிருக்கும் என்பது நம்மவர் கணிப்பு. சிக்கனத்தில் பெயர்போன தேசம் அல்லவா.

மெனுவைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். ஒன்று முதல் நூற்றைம்பது சொச்சம் வரை நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பெயர். நாசி கோரெங், பாமி கோரெங், சாத்தே ஆயாம், பாபி பாங்காங், லூம்பியா, சாப் சோய், ஃபூ யோங் ஹாய். சீனாவில் பிறந்தவர் நடத்தும் கடை, மலாய், சீனப் பெயர்கள், ரோமன் எழுத்து, டச்சு எழுத்துக்கூட்டு. படிப்பவர் நாகப்பட்டினம். ஐக்கிய நாடுகள் சபையில்கூட ஒரு மேசைக்கு இத்தனை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. 1911இல் டச்சுத் துறைமுகங்களில் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம். முதலாளிகள் வேலைநிறுத்தத்தை உடைக்க லண்டனிலிருந்து சீனக் கப்பல் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் ரோட்டர்டாமில் காட்டென்ட்ரெக்ட் பகுதியிலும் ஆம்ஸ்டர்டாமில் பின்னென் பாந்தமர் தெருவிலும் தங்கினார்கள். தங்கிய இடத்தில் பசிக்குமே, அதற்காக முதல் சாப்பாட்டுக் கடைகள் முளைத்தன. சீனருக்காகச் சீனர் நடத்திய கடை. டச்சுக்காரர் எட்டிப் பார்க்கவில்லை.

1930களின் மந்தம் வந்தது. கப்பலில் வேலை போனது. அந்த ஆட்கள் கழுத்தில் ஒரு தகரப்பெட்டியை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று, ‘பிண்டா, பிண்டா, லெக்கா, லெக்கா’ என்று கூவினார்கள். பிண்டா என்றால் வேர்க்கடலை. லெக்கா என்றால் ருசி. விற்றது சாட்சாத் கடலை மிட்டாய்! கோவில்பட்டிக்காரர் கேட்டால் கண் கலங்கிவிடும். வாங்கிச் சாப்பிட்டவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘கடலைச் சீனன்’. அது பிறகு வசவாகவே நிலைத்துவிட்டது.

திருப்பம் வந்தது சமையலால் அல்ல, சுதந்திரத்தால். 1945இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. நாலு வருஷம் சண்டை பிடித்துவிட்டு, 1949 டிசம்பர் 27இல் டச்சு அரசு ஆட்சியை ஒப்படைத்தது. அடுத்த பதினைந்து, இருபது வருஷத்தில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் அந்தத் தீவுகளிலிருந்து நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், கலப்புக் குடும்பங்கள். கூடவே சண்டைக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்கள். நாக்கில் சம்பலும் சாத்தேயும் ஒட்டியிருந்தது. வந்து இறங்கிய ஊரிலோ மசித்த கேரட். இவர்களில் பலர் தேடிப்போன அடுப்பு சீனருடையது, ஏனென்றால் அங்கே அரிசி இருந்தது.

சீனக் கடைக்காரர் யோசித்தார். கேட்பது நாசி கோரெங், நமக்குத் தெரிந்தது காண்டன் சமையல். கேட்டதையே போடுவோம், பெயரையும் அவர்கள் சொன்னபடியே எழுதுவோம் என்று பலகையில் ‘சீன்.’ பக்கத்தில் ‘இந்த்.’ சேர்ந்துகொண்டது. பிறகு ஹாங்காங்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் அதே மெனுவை அதே நம்பரோடு கையில் வாங்கி ஊருக்கு ஒன்றாகத் திறந்தார்கள். அந்தக் கடைகளுக்குப் பல ஊர்களில் ‘கோட்டா ராஜா’ என்றே பெயர். நெதர்லாந்துத் தெருவில், சீனர் கடையில், டச்சு ஆட்சியில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரத்துக்கு இருந்த பெயர். அதைப் படித்து உடனே அர்த்தம் சொல்லக்கூடியவர் அந்தத் தெருவிலேயே நம்மவர் ஒருவர்தான்.

“கோட்டை, ராஜா. இதுக்கு டிக்‌ஷனரி எதுக்கு?” என்று அன்று காலைதான் ரயிலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து மகளிடம் பெருமைப்பட்டிருந்தார்.

கல்லா அம்மாள் குறிப்பேட்டோடு வந்து நின்றாள். பாபி என்றால் பன்றி என்று மகள் சொல்ல, நம்மவர் பழக்கமில்லை என்று கும்பிட்டார். இத்தனைக்கும் இந்தக் கடைகளின் பட்டத்து யானையே பாபி பாங்காங்தான். பெயர் இந்தோனேசியப் பெயர், மேலே ஊற்றுகிற சிவந்த தக்காளி இனிப்புச் சாறு டச்சு நாக்குக்கென்று பிறந்தது. அடியில் படுக்கை மாதிரி முட்டைக்கோஸ் ‘ஆச்சார்’. நம் வடநாட்டு ஊறுகாயின் பெயரில் காரமில்லாத ஒரு சம்பந்தி.

“நண்டு இருக்கா கேளும்மா.”

“ஃபூ யோங் ஹாய்னு ஒண்ணு இருக்குப்பா. ஹாய்னா காண்டனீஸ்ல நண்டு.”

“அப்ப அதைச் சொல்லு.”

“கோழி போட்டதா, இறால் போட்டதா?” என்று அம்மாள் கேட்டாள்.

நம்மவர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாளைப் பார்த்தாள். நண்டில் கோழி போட்டதா என்றால் என்ன அர்த்தம்? விஷயம் எளிது. பெயரில் நண்டு இருக்கிறது, தட்டில் இல்லை. வெங்காயமும் காயும் போட்டு அடித்த தடி ஆம்லெட், அதன்மேல் அதே சிவப்புச் சாறு, சாற்றில் பச்சைப் பட்டாணி. நண்டு வழியிலேயே எங்கேயோ இறங்கிவிட்டது, பெயர்ப் பலகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோக்கியன் மொழியில் ‘பா மீ’ என்றால் இறைச்சி போட்ட நூடுல்ஸ். ஆகவே ‘இறைச்சி இல்லாத பாமி’ என்று கேட்பவரும் இதே ரகம்தான். சிரிக்க நமக்கு உரிமை இல்லை. கோபி மஞ்சூரியனை மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் அங்கேயும் இப்படித்தான் விழிப்பார்கள்.

அம்மாள் குறிப்பேட்டில் பெயர் எதையும் எழுதவில்லை. நாலு நம்பர் எழுதினாள். சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக அந்த நம்பர்கள் காண்டனீஸில் உள்ளே போயின. வட்ட மேசையில் இருந்த அப்பா மீனில் வைத்த குச்சியை எடுத்துவிட்டு, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். போகும்போது மீனின் கன்னச் சதையைப் பெயர்த்துப் பாட்டியின் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதை நம்மவர் பார்த்துவிட்டார். மீனில் கன்னம்தான் ருசி என்று தெரிந்தவர்கள் வீடு இது. இனி அவரை ஆம்லெட்டால் சமாதானப்படுத்த முடியாது.

முதலில் மேசைக்கு வந்தது சாப்பாடு அல்ல, ஒரு தகரப் பெட்டி. மேலே ஓட்டை ஓட்டையாக இருந்தது, உள்ளே இரண்டு குட்டி மெழுகுவத்தி. அம்மாள் வத்தியைக் கொளுத்தினாள். “கார்த்திகையா?” என்றார் நம்மவர். சாப்பாடு ஆறாமலிருக்க அடியில் வைக்கிற அடுப்பு அது. பிறகு கிண்ணம் நிறைய குரூபுக்: மரவள்ளி மாவும் இறாலும் சேர்த்துப் பொரித்த வெள்ளை அப்பளம், எடையே இல்லை. அதைக் கடித்தபோதுதான் மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகம் ஊர்முகமானது.

அப்புறம் வந்தவற்றைப் பார்த்து அந்த முகம் திகில்முகமாக மாறியது. லூம்பியா என்றால் விரல் நீளத்தில் ஏதோ வரும் என்று நினைத்திருந்தார். வந்தது முன்னங்கை நீளம், உள்ளே பயறு முளையை மூட்டை கட்டியதுபோல் திணித்திருந்தார்கள். பாமி ஒரு சின்னக் குன்று. சாத்தே மீது கடலைச் சாறு வெள்ளம். ஒரு ஆள் சாப்பாடு என்று கேட்டால் ஒரு ஆளுக்கும் அவர் மச்சானுக்கும் சேர்த்துத் தருவது இந்தக் கடைகளின் தர்மம். டச்சுக்காரர் ருசியை மன்னிப்பார், அளவு குறைந்தால் மன்னிக்கமாட்டார் என்று முதல் தலைமுறைக் கடைக்காரர் யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

அம்மாள் திரும்பிப் போகும் முன் கேட்டாள்: “சம்பல்?”

இந்த ஒரு கேள்வி நெதர்லாந்து முழுக்கப் பிரசித்தம். எந்த ஊரில் எந்தச் சீனர் கடையில் எதைக் கேட்டாலும் கடைசியில் ‘சம்பல் வேணுமா?’ என்று கேட்பார்கள். நக்கல் அடிப்பவர்கள் சீன உச்சரிப்பில் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். நம்மவருக்கு அந்தச் சொல் சொந்தக்காரர் பெயர் மாதிரி கேட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் தேங்காய்ச் சம்பலோடு இடியாப்பம் சாப்பிட்டவர். “கொண்டாங்க, கொண்டாங்க” என்றார் தமிழிலேயே.

விரல்நுனி அகலத்தில் ஒரு கிண்ணம் வந்தது. கூடவே எச்சரிக்கையும். ரொம்பக் காரம் மெனேர், அதாவது ஐயா, நுனியில் தொட்டுப் பாருங்கள் என்றாள். நம்மவர் கிண்ணத்தைப் பாமி மேல் கவிழ்த்தார். பிசைந்தார். வாயில் போட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இனிப்பா இருக்கும்மா. ஜாம் மாதிரி. இன்னொண்ணு கேளு.”

இரண்டாவது வந்தது. அதுவும் காலி. மூன்றாவது கேட்டபோது சுவர் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. சமையல்காரர், அதாவது அப்பா, ஆளைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். தலை உள்ளே போனது. ஐந்து நிமிஷத்தில் அவரே வெளியே வந்து மேசையில் ஒரு பீங்கான் கிண்ணம் வைத்தார். பச்சை மிளகாயை வட்டவட்டமாக அரிந்து சோயாச் சாற்றில் ஊறப்போட்டது. வட்ட மேசையில் மீனுக்குப் பக்கத்தில் இருந்த அதே கிண்ணம். மெனுவில் அதற்கு நம்பர் இல்லை.

இந்த நம்பர் விவகாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2013இல் டச்சுத் தொலைக்காட்சியில் ஒரு திறமைப் போட்டி. மேடையில் பாட வந்தவர் சீனாவிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த ஒரு மாணவர். நடுவர் ஒருவர் அவரைப் பார்த்து, எந்த நம்பரைப் பாடப்போகிறாய், சோற்றோடு 39ஆம் நம்பரா என்று கேட்டார். சிரிப்பு வந்தது, பின்னாலேயே உலகம் முழுக்கக் கண்டனமும் வந்தது. கல்லூரிப் பெண், அதாவது இந்த வீட்டு மகள், தட்டுகளை எடுக்க வந்தபோது நம்மவரின் மகள் தயங்கித் தயங்கி அதைப் பற்றிக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் தனக்கு வேறு நம்பர், தன் தம்பிக்கு வேறு நம்பர் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். தட்டுகளை அடுக்கும் வேகம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

அவள் மருந்தியல் படிக்கிறாள். சனி, ஞாயிறு மட்டும் கடையில் நிற்கிறாள். நீதான் அடுத்து நடத்துவாயா என்று நம்மவர் கேட்டார். எந்த ஊரானாலும் தமிழர் கேட்கிற முதல் கேள்வி படிப்பு, இரண்டாவது கேள்வி வாரிசு. அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். அப்பாவுக்கு விடுமுறை என்றால் கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாள், அவ்வளவுதான். நடக்கப் பழகியதே இந்த மேசைகளுக்கு நடுவில்தான். இந்த மேசையிலேயே காலத்தைக் கழிக்க அவளுக்கு விருப்பமில்லை, அப்பாவுக்கும் இல்லை. அவளைப் படிக்கவைக்கத்தான் அவர் இத்தனை வருஷம் வாணலியைக் குலுக்கினார்.

நாடு முழுக்க இதே பேச்சுதான். பிள்ளைகள் டாக்டராகவும் கணக்கராகவும் போய்விடுகிறார்கள். பெரிய கூடங்களில் வேண்டுமட்டும் எடுத்துச் சாப்பிடும் வோக் விருந்துக் கடைகள் வந்து பழைய கடைகளின் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. சமையல்காரர் கிடைப்பதில்லை. ஆசியாவிலிருந்து ஆள் வரவழைக்க அரசாங்கத்தோடு கடைக்காரர்கள் ஓர் உடன்பாடே போட்டார்கள், பத்திரிகைகள் அதை ‘வோக் ஒப்பந்தம்’ என்றன. வோக் என்றால் வாணலி. தேசங்களுக்கு நடுவில் எத்தனையோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, வாணலியின் பெயரில் வேறெங்கும் ஒன்று நம்மவர் கேள்விப்பட்டதில்லை. மார்க் வான் வொண்டரன் என்கிற புகைப்படக்காரர் மறைவதற்குள் படம் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை எடுத்துப் புத்தகமாக்கினார். புத்தகத்தின் பெயர் அந்தப் பலகைதான், அதே நாலு புள்ளியோடு. 2021இல் சீன-இந்திஷ் உணவகப் பண்பாடு நெதர்லாந்தின் தொட்டறிய முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் ஏறியது. இதைக் கேட்டதும் நம்மவர் கவலைப்பட்டார். அவர் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டை ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று சொன்னால் ஓடு சரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதற்குள் மணி ஆறு. கடை நிரம்பிவிட்டது. ஒரு டச்சுத் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள். தாத்தா மெனுவைத் தொடவே இல்லை, நம்பர் அவருக்கு மனப்பாடம். பேரன் குரூபுக்கை நாக்கில் ஒட்டவைத்து அது படபடவென்று பொரிவதைக் காதை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களுக்கு இது வெளிநாட்டுச் சாப்பாடு அல்ல. பிறந்தநாளுக்கு, தேர்வு முடிந்த நாளுக்கு, வீடு மாறிய அன்று அடுப்பு பற்றவைக்காத சாயங்காலத்துக்கு என்று இருக்கிற சாப்பாடு. அவர்கள் வீட்டுச் சாப்பாடு. அதைச் சமைக்கிற வீட்டில்தான் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை.

வட்ட மேசையில் இப்போது பாட்டி மட்டும் இருந்தாள். மீன் முடிந்து, முதுகெலும்பு மட்டும் சீப்பு மாதிரி தட்டில் கிடந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கூடை பயறு முளையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். அடுத்த லூம்பியாவுக்கு.

கடைசியில் வறுத்த வாழைப்பழம் வந்தது, பஜ்ஜிக்கும் பழம்பொரிக்கும் நடுவில் ஒரு உறவு. மிச்சமான பாமியைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, வெள்ளைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பில் வந்தது. நம்மவருக்கு இனி பொறுக்கவில்லை.

“அந்த மீனு என்ன நம்பர்னு கேளும்மா.”

மகள் கேட்டாள். அம்மாளுக்குக் கூச்சம். அது மெனுவில் இல்லை, வீட்டுக்குச் செய்தது என்றாள். உங்களுக்குப் பிடிக்காது மெனேர், முள் இருக்கும், தலையோடு இருக்கும், கண் உங்களைப் பார்க்கும். வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள்.

மகள் மொழிபெயர்த்து முடிக்கும் முன் நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “தலை இல்லாத மீனை எங்க ஊர்ல பூனைகூட மோந்து பாக்காதுன்னு சொல்லு. கன்னம் யாருக்குப் போச்சுன்னு நான் பாத்தேன்னும் சொல்லு.”

மகள் இரண்டாவதைச் சொல்லவில்லை. முதலாவதுக்கே அம்மாள் கடைச் சிரிப்பை விட்டுவிட்டு வேறு மாதிரி சிரித்தாள். பில்லோடு ஒரு நாட்காட்டியும் சுருட்டிக் கொடுத்தாள். வருஷம் தீரப்போகிறது, மிச்சம் இருந்த ஒன்று. மூங்கில் குச்சியில் சுற்றிய தாள், நீர்வீழ்ச்சிப் படம், அடியில் கடையின் போன் நம்பர். மளிகைக் கடையில் தினசரி நாட்காட்டி வாங்கி வளர்ந்தவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் செப்பேடுகளைப் பார்த்தார். அதைப் பற்றி வீட்டில் பேசியதைவிட அன்று மாலை அவர் செய்த காரியத்தைப் பற்றித்தான் மகள் இன்னும் பேசுகிறாள். அலுவலகத்திலிருந்து வந்தவள் சமையலறையில் பெரிய அலுமினியச் சட்டியைக் காணவில்லை என்று தேடியிருக்கிறாள். அப்பாவையும் காணவில்லை.

அவர் கால்வாய்க் கரையோரமாகச் சட்டியை இடுப்பில் அணைத்தபடி நடந்துகொண்டிருந்தார். கடாரத்து அரசன் கதையைக் காலையில்தான் செம்பில் பார்த்துவிட்டு வந்தவர் மாலையில் கிடாரத்தோடு கிளம்பிவிட்டார். 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்து 123 வருஷம் வைத்திருந்தார்கள். அதற்கான பாக்கியை வசூலிக்கப் போகிற தோரணை நடையில் இருந்தது.

மணி நாலரை. வட்ட மேசை இன்னும் காலி. கல்லா அம்மாள் சட்டியைப் பார்த்தாள். நெடுநாளாக யாரும் பாத்திரம் கொண்டுவந்ததில்லை. குறிப்பேட்டை எடுத்து, நம்பர் என்ன மெனேர் என்றாள்.

நம்மவருக்கு டச்சு வராது. வட்ட மேசையைக் கையால் காட்டினார். உள்ளங்கையை நீட்டி வால் ஆட்டிக் காட்டினார். பிறகு, சந்தேகம் வேண்டாம் என்று, தன் கன்னத்தில் விரலால் தட்டிக் காட்டினார்.

அம்மாள் சுவர் ஜன்னல் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாள். அதில் நம்பர் எதுவும் இல்லை. உள்ளே பெரிய சிரிப்பு கேட்டது, கூடவே பாட்டியின் குரலும். அம்மாள் சட்டியை வாங்கிக்கொண்டு, கடிகாரத்தைக் காட்டி அரைமணி ஆகும் என்று சைகை செய்து, பெஞ்சைக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்து ஒரு டொனால்டு டக்கை எடுத்துப் படம் பார்க்க ஆரம்பித்தார்.